வீட்டுச் சமையலில் உங்களுக்குப் பிடித்த வாசனை எது? (ஹோட்டல் வேண்டாம், அடுப்படி மட்டும்)

லைன்வீட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 8.40

நேற்று சாயங்காலம் எங்கள் தெருவில் ஒன்றரை மணி நேரம் கரண்ட் இல்லை. ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது எதிர் வீட்டிலிருந்து வரமிளகாய் தாளிக்கும் நெடி வந்தது, கூடவே பூண்டு. ஒன்பது வயது மகள் தும்மிக்கொண்டே, "அப்பா, ஏதோ கருகுது" என்றாள். கருகவில்லை, கீரை கடைந்து தாளிக்கிறார்கள் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டாள். அதைத்தான் சொல்லத் தெரியவில்லை.

நான் வளர்ந்தது சேலம் அம்மாபேட்டையில் ஒரு லைன் வீட்டில். ஆறு குடித்தனம், நடுவில் முற்றம், ஒரே குழாய், வரிசையாக ஆறு அடுப்படி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் பக்கத்து வீட்டுப் பையனும் வாசற்படியில் உட்கார்ந்து பந்தயம் கட்டுவோம். முதல் வீட்டில் புளிக்குழம்பு, மூன்றாவது வீட்டில் பச்சைப்பயறு கடைசல், கடைசி வீட்டில் கருவாடு. (கருவாட்டுக்குப் பந்தயம் செல்லாது. அது தெருமுனையிலேயே தெரிந்துவிடும்.) காலை நேரத்தில் மட்டும் ஒரு குழப்பம் உண்டு. தெருவில் நெசவுக்கான பாவு நூலை விரித்துக் கஞ்சி போடுவார்கள். சோறு வடித்த கஞ்சி வாசனை மாதிரியே இருக்கும். பசியோடு போகிறவனை நன்றாக ஏமாற்றும்.

இப்போது இருக்கும் வீட்டில் அடுப்புக்கு மேலே சிம்னி. எல்லாவற்றையும் உறிஞ்சி வெளியே துப்பிவிடுகிறது. தட்டு வைத்து மூடியைத் திறந்தால்தான் என்ன குழம்பு என்றே தெரிகிறது. சரி, உங்கள் வீட்டு வாசனைகளை எழுதுங்கள். ஒரே நிபந்தனை: காசு கொடுத்துச் சாப்பிட்டது கணக்கில் வராது.


முருங்கைக்கொத்து | ஞாயிறு, இரவு 9.05

வெண்ணெய் உருக்குவது. அதற்கு மேலே ஒன்று கிடையாது.

கடை வெண்ணெய் இல்லை. வாரம் பூராவும் பாலாடை எடுத்துச் சேர்த்து, உறை ஊற்றி, கடைந்து எடுத்தது. அடுப்பில் வைத்ததும் முதலில் வருவது நல்ல வாசனை இல்லை, புளித்த மோர் வாடைதான். அப்புறம் சடசடவென்று பொரிய ஆரம்பிக்கும். தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் குறையும். சத்தம் அடங்கப் போகிற அந்த ஒரு நிமிடத்தில் வாசனை சட்டென்று வேறு ஆளாகிவிடும். அப்போது ஒரு கொத்து முருங்கைக்கீரையை உருவி உள்ளே போட்டு உடனே அடுப்பை அணைக்க வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தால் கசந்துவிடும்.

நெய்யை வடித்த பிறகு சட்டியின் அடியில் பழுப்பாக ஒரு கசண்டு நிற்கும். அதில் சுடுசோறும் உப்பும் போட்டுப் பிரட்டித் தருவார் அம்மா. நாங்கள் மூன்று பேர், சட்டி ஒன்று. என் தம்பி இன்றைக்கும் அந்தக் கணக்கைப் பேசுகிறான்.


பூண்டுரசம் | ஞாயிறு, இரவு 9.11

கறிக்குழம்புக்குச் சோம்பு அரைக்கும் வாசனை. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. முடிந்தது.


நொறுக்கல்பிரியன் | ஞாயிறு, இரவு 9.30

தட்டுவடை.


லைன்வீட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 9.32

தட்டுவடை செட் விற்கும் கடையெல்லாம் கணக்கில் வராது என்று மேலே எழுதியிருக்கிறேனே. சேலத்துக்காரனிடம் இது ஒரு தொல்லை. எதைக் கேட்டாலும் பீட்ரூட் துருவலிலும் புதினாச் சட்னியிலும் போய் முடிப்பான்.


நொறுக்கல்பிரியன் | ஞாயிறு, இரவு 10.15

கடையில் தின்பதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அம்மா தட்டுவடை சுட்டுக் கடைகளுக்குப் போட்டார். பதினான்கு வருடம்.

அரிசி மாவு, உளுந்து மாவு, பொட்டுக்கடலை மாவு, ஊறவைத்த கடலைப்பருப்பு, எள், கறிவேப்பிலை. சாயங்காலமே பிசைந்துவிடுவார். நானும் அக்காவும் எண்ணெய் தடவிய தாளில் உருண்டை வைத்துக் கிண்ணத்தின் அடியால் அழுத்துவோம். ராத்திரி பதினொன்றுக்கு எண்ணெய் காயும். அந்த வீட்டில் ஒரே அறை. படுக்கையும் அங்கேதான், பாடப்புத்தகமும் அங்கேதான். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அந்த எண்ணெய்ச் சட்டிக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து படித்தேன். சட்டையைத் துவைத்துக் காய வைத்தாலும் எண்ணெய் வாசனை போகாது. வகுப்பில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, இங்கே எழுத மாட்டேன்.

அப்போது அந்த வாசனையை அறவே பிடிக்காது. இப்போது எங்கேயாவது கறிவேப்பிலை பொரியும் காய்ந்த எண்ணெய் வாசனை வந்தால் நின்றுவிடுகிறேன். பிடிக்கிறதா என்று கேட்டால் பதில் தெரியாது. நிற்கிறேன், அவ்வளவுதான்.


லைன்வீட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 10.21

மன்னிக்கணும். நிபந்தனையை வாபஸ் வாங்குகிறேன்.


மலைக்காற்று | திங்கள், காலை 6.50

காபி என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் நானே எழுதிவிடுகிறேன். ஊர் ஏற்காடு. மூன்று தலைமுறையாக எஸ்டேட் கூலி வேலை பார்த்த குடும்பம்.

முதலில் ஒரு விஷயம். கொண்டை ஊசி இருபதையும் ஏறி வந்து இறங்குகிறவர்கள் மூச்சை இழுத்து "ஆஹா, காபி வாசனை" என்பார்கள். அது குளிரும் சில்வர் ஓக் சருகு மக்கிய வாசனையும்தான். காபிச் செடியைக் கசக்கினாலும் காபி வாசனை வராது. கலெக்டர் காக்பர்ன் 1820களில் இங்கே கொண்டுவந்து வைத்த காலத்திலிருந்தே அது அப்படித்தான் இருந்திருக்கும். செடி மணப்பது வருடத்துக்கு இரண்டு மூன்று நாள், பூக்கும்போது மட்டும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்து எட்டுப் பத்து நாள் போனால் மலைச்சரிவு முழுக்க வெள்ளை வெளேரென்று பூக்கும். அதுவும் மல்லிகை வாசனை, காபி இல்லை. பழம் பறிக்கும் காலத்தில் வந்தால் தோல் நீக்கிய கொட்டையை ஊறப் போட்டிருக்கும் தொட்டிப் பக்கம் புளித்த வாடைதான் அடிக்கும். யாரும் படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

காபி வாசனை பிறப்பது வறுக்கும்போது. என் ஆயா (பாட்டி) செடிக்கடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்கி வருவார். தோலோடு வாரக்கணக்கில் காயவைத்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்தால் பச்சைக்கொட்டை. அதை முற்றத்தில் மூன்று கல் கூட்டி, இரும்பு வடச்சட்டியில் போட்டுக் கிளறிக்கொண்டே இருப்பார். கை நிற்கக் கூடாது. முதலில் ஈர வைக்கோல் வாசனை. கொட்டை மஞ்சளாகும்போது வறுத்த சோள வாசனை. பழுப்பேறும்போது பட், பட் என்று வெடிக்கும், கூடவே கண்ணைக் கரிக்கும் புகை. புதிதாகப் பார்க்கிறவர் கருக்கிவிட்டார் என்றே நினைப்பார். ஆயா சட்டியை இறக்கி முறத்தில் கொட்டி விசிறுவார். சூடு ஆறும்போது கூட அவ்வளவாக ஒன்றும் இருக்காது. மறுநாள் காலையில் உரலில் முதல் இடி விழும் பாருங்கள், அதுதான் நான் சொல்லும் வாசனை. தூங்குகிறவனைக் காலைப் பிடித்து இழுக்கும்.

பால் கிடையாது. வெல்லம் தட்டிப் போட்டு வரக்காபி. மழை நாளில் நாலு மிளகு சேரும். மிளகுக்கொடிதான் மரத்துக்கு மரம் ஏறிக்கிடக்கிறதே.


பூண்டுரசம் | திங்கள், காலை 7.30

சிக்கரி?


மலைக்காற்று | திங்கள், காலை 7.34

கீழே இறங்கிய பிறகுதான் அந்த வார்த்தையையே கேள்விப்பட்டேன்.


உப்புபோதுமா | திங்கள், பகல் 2.10

எல்லா வேலையும் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் படித்தேன், நன்றாக இருக்கிறது. ஒரு சந்தேகம். இதுவரை எழுதியவர்களில் கரண்டியைப் பிடித்தவர் யார்? அம்மா உருக்கினார், அம்மா சுட்டார், ஆயா வறுத்தார். மூக்கு மட்டும் உங்களுடையது.

நான் சமைக்க ஆரம்பித்து இருபத்தாறு வருடம் ஆகிறது. சமைக்கிறவளுக்கு வாசனை தெரியாது என்பதை யாராவது யோசித்திருக்கிறீர்களா? மல்லி வறுக்கும்போது எனக்கு வருவது வாசனை இல்லை, வேலை. பச்சை வாசனை போயிற்றா, அடி பிடிக்கிறதா, எண்ணெய் காய்ந்துவிட்டதா, பால் பொங்கப் போகிறதா, எல்லாம் மூக்குதான் சொல்கிறது. வாட்ச்மேன் மாதிரி. வாட்ச்மேன் கதவு அழகாக இருக்கிறதா என்று பார்ப்பாரா? எல்லாம் முடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் குழம்பைப் பார்க்கவே திகட்டும். இரண்டு கை மோர்ச்சோறு, ஒரு ஊறுகாய்த் துண்டு. முடியிலிருந்து மட்டும் வெங்காயம் வீசிக்கொண்டே இருக்கும்.

எனக்குப் பிடித்தது பக்கத்து வீட்டு ரசம். அவர் வைக்கும் ரசம் சுமாராகத்தான் இருக்கும், வாங்கிக் குடித்திருக்கிறேன். ஆனால் அது நான் வைக்காத ரசம்.


லைன்வீட்டுக்காரன் | திங்கள், பகல் 2.40

சுருக்கென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கறி நான்தான் சமைக்கிறேன் என்று எழுத வந்தேன். மிச்சம் ஆறு நாள் ஞாபகம் வந்ததும் அழித்துவிட்டேன்.


முருங்கைக்கொத்து | திங்கள், பகல் 3.15

அக்கா சொல்வது பாதிதான் சரி. நானும் தினம் சமைக்கிறவள்தான், பன்னிரண்டு வருடமாக. நெய் உருக்குவதும் இப்போது நான்தான், எனக்கு வாசனை நன்றாகவே தெரிகிறது. ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஏழெட்டுப் பேருக்கு என்றால் யாருக்கும் திகட்டும். அது வாசனையின் குற்றமா, வேலைப்பங்கீட்டின் குற்றமா?


உப்புபோதுமா | திங்கள், பகல் 3.20

நெய் மாதம் ஒரு முறை உருக்குவது, அம்மணி. சாம்பாரைச் சொல்லுங்கள்.


சாக்பீஸ் | திங்கள், மாலை 6.00

பள்ளியில் வேதியியல் எடுக்கிறவன். தீர்ப்புச் சொல்ல வரவில்லை, ஆனால் இந்த வழக்கில் மூக்கின் பக்கமும் ஒரு சாட்சி இருக்கிறது.

மூக்கு மாற்றத்தைத்தான் கவனிக்கும், இருப்பதை அல்ல. ஒரே வாசனைக்குள் சில நிமிடம் நின்றால் அது நமக்கு மங்கிவிடும். பள்ளி ஆய்வகத்துக்குள் முதலில் நுழையும் பையன் மூக்கைப் பிடிப்பான், பத்து நிமிடத்தில் மறந்துவிடுவான், அடுத்து வருகிறவன் மறுபடி பிடிப்பான். அடுப்பு முன்னால் ஒரு மணி நேரம் நிற்கிறவருக்கும், வாசற்படி ஏறுகிறவருக்கும் அதே கதை. வாசனையின் உச்சம் வெளியிலிருந்து வருகிறவருக்குத்தான் கிடைக்கிறது.

ஒன்பது வயதுப் பெண்ணுக்கு "எப்படித் தெரியும்" என்று சொல்லத் தெரியவில்லை என்று முதல் பதிவில் இருந்ததே, அதற்கும் காரணம் உண்டு. மனித மூக்கில் வேலை செய்யும், வாசனையைப் பிடிக்கும் ஏற்பிகள் ஏறக்குறைய 400 வகை. ஒரு வாசனைக்கு ஒரு ஏற்பி என்று கணக்கு இல்லை. கூட்டாக எது எது மீட்டப்படுகிறதோ அதுதான் வாசனை. இந்த ஏற்பிகளைக் கண்டு சொன்னதற்கு ரிச்சர்ட் ஆக்ஸெலுக்கும் லிண்டா பக்குக்கும் 2004இல் நோபல் பரிசு. பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்கிற இடைநிலையத்தில் இறங்கி ஏறிப் போகின்றன. வாசனைக்கு அந்த இடைநிலையம் வேண்டாம், நினைவும் உணர்ச்சியும் இருக்கும் பகுதிக்குப் பக்கத்திலேயே போய் இறங்கிவிடும். அதனால்தான் பெயர் வாயில் வருவதற்கு முன்னால் லைன் வீடு வந்து நிற்கிறது.

தாளிப்பிலும் ஒரு வேடிக்கை. கடுகின் காரம் அரைத்துத் தண்ணீர் பட்டால்தான் பிறக்கும். முழுசாக எண்ணெயில் போட்டால் அந்தக் காரத்தை உண்டாக்கும் நொதி சூட்டில் செத்துவிடும். ஆகையால் வெடித்த கடுகு கொட்டைப் பருப்பு மாதிரி மணக்கிறது, மூக்கில் ஏறுவதில்லை. கட்டிப் பெருங்காயம் நேர்மாறு. டப்பாவில் இருக்கும்வரை சகிக்காது, சூடான எண்ணெயில் விழுந்தால் யோக்கியன். (இத்தனை நாளும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். 2020இல்தான் இமாச்சலத்தின் லாஹௌலில் செடி நட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள்.)

இதையெல்லாம் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "அப்போ நாளைக்கு நீங்க உள்ளே நில்லுங்க, நான் வெளியே போய்ட்டு வர்றேன்" என்றார்.


உப்புபோதுமா | திங்கள், மாலை 6.08

அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.


சொற்கிடங்கு | திங்கள், இரவு 8.30

கொஞ்சம் விலகி ஒரு பேச்சு. எல்லோரும் வாசனை வாசனை என்றே எழுதுகிறீர்கள். அடுப்படியில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு யாரும் குடித்தனம் நடத்துவதில்லை. மிளகாய்க்கு நெடி. மீனுக்குக் கவிச்சி. பழைய எண்ணெய்க்குச் சிக்கு. அடிபிடித்தால் காந்தல். புளித்ததற்கு வாடை. ரசத்துக்கு மணம், பூவுக்கும் மணம். ஊசிப்போனதற்குப் பெயரே தேவையில்லை, முகம் போதும். "நாற்றம்" பாவம், ஒரு காலத்தில் கௌரவமாக வாழ்ந்த சொல். குறளில் மொட்டுக்குள் அடங்கியிருக்கும் நறுமணத்துக்கு அதுதான் பெயர். இன்று சாக்கடைக்குப் போய்விட்டது.

இவற்றில் எனக்குப் பெரியது "பச்சை வாசனை". நம் சமையல் குறிப்பு எதிலாவது எத்தனை நிமிடம் வதக்க வேண்டும் என்று சரியாக இருக்கிறதா? பச்சை வாசனை போகும் வரை. அவ்வளவுதான். எப்போது போகும்? போனால் தெரியும். கடிகாரம் இல்லாத வீட்டிலும் குழம்பு கொதித்தது இப்படித்தான். உப்புபோதுமா அவர்கள் வாட்ச்மேன் என்று கேலியாகச் சொன்னதை நான் கடிகாரம் என்று மரியாதையாகச் சொல்வேன்.


நொறுக்கல்பிரியன் | திங்கள், இரவு 8.50

நெடி என்றதும் ஞாபகம் வருகிறது. குழந்தைக்குச் சுற்றிப் போட்ட மிளகாயை நெருப்பில் போட்டால் நெடி வந்தால் கண் படவில்லை, வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் எல்லோரும் இருமித் தள்ளினால் அம்மா, "ஒண்ணுமில்ல, மிளகாய் புதுசு" என்பார். நெடி வராவிட்டால், "பாத்தியா, எவ்வளவு கண்ணு!" எப்படிப் போட்டாலும் அவர்தான் ஜெயிப்பார்.


காவேரிக்கரை | செவ்வாய், காலை 10.20

மூன்று நாளாக யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். சேலம் ஜில்லா ஆட்கள் இத்தனை பேர் கூடி, ஆடி முதல் தேதி தேங்காய் சுடுவதை ஒருவரும் சொல்லவில்லையே!

வெளியூர்க்காரர்களுக்காக: சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுடும் பண்டிகை. பாரதப் போர் தொடங்கிய நாள் அது, பதினெட்டு நாள் நடந்து ஆடிப்பெருக்கன்று முடிந்தது என்று கதை சொல்வார்கள்.

நல்ல முற்றின தேங்காயாக எடுத்து நாரைச் சுத்தமாக உரித்து, சிமென்ட் தரையில் தேய்த்து வழவழவென்று ஆக்குவோம். இந்தத் தேய்க்கும் வேலை பிள்ளைகளுக்கு. மூன்று கண்ணில் மெதுவான கண்ணைக் குத்தித் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே போக வேண்டியவை அவல், பொட்டுக்கடலை, பச்சைப்பயறு, எள், வெல்லம். அந்தச் சின்ன ஓட்டை வழியாக ஒவ்வொரு பிடியாகத் திணிப்பதற்குள் பொறுமை போய்விடும், பாதி வெல்லம் திணிப்பவன் வாய்க்குப் போயிருக்கும். எடுத்து வைத்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றி, நுனி சீவிய அழிஞ்சிக் குச்சியை இறுக்கிச் செருகி, மேலே மஞ்சள் பூசினால் தேங்காய் தயார்.

சாயங்காலம் தெருவிலேயே சருகும் சுள்ளியும் போட்டு நெருப்பு. சுற்றி நின்று ஆளுக்கொரு குச்சியைப் பிடித்துத் தேங்காயைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் மஞ்சள் கருகும் வாசனை. பிறகு ஓடு. ஓடு எரியும் வாசனை கொஞ்சம் கடுமையாக, தார் மாதிரி இருக்கும். கை சூடு தாங்காமல் குச்சியை மாற்றி மாற்றிப் பிடிப்போம். கொஞ்ச நேரத்தில் "டப்" என்று ஒரு விரிசல். அந்த விரிசல் வழியாக வெல்லப்பாகு கசிந்து நெருப்பில் சொட்டும். ஓடு, பாகு, எள், உள்ளே தன் எண்ணெயிலேயே வெந்த தேங்காய் எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை எழும். அது தெரு முழுக்க ஒரே நேரத்தில் எழும், ஏனென்றால் தெரு முழுக்க ஒரே நேரத்தில் சுடுகிறது. பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைக்கும்போது விரலெல்லாம் கரி.

வருடத்தில் ஒரு நாள்தான். எந்த வீட்டில் எது என்று பந்தயம் கட்டவும் முடியாது.


வெல்லமண்டி | செவ்வாய், காலை 11.00

வெல்லத்தை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். செவ்வாய்ப்பேட்டை மூலப்பிள்ளையார் கோயில் பக்கம் ஏலத்துக்கு வந்து இறங்கும் வெல்லத்தை மோந்து பாருங்கள். ஓமலூர், காமலாபுரம், கருப்பூர்ப் பக்கத்து ஆலைகளிலிருந்து வரும் சரக்கு. பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் நான் வாங்க மாட்டேன். நிறம் மட்டானது, கையில் பிசுபிசுக்கும், கரும்புச்சாறு கொதித்த வாசனை அப்படியே இருக்கும், அதுதான் தேங்காய்க்குள் போக வேண்டியது.

பூக்கடை ஓரத்தில் அழிஞ்சிக் குச்சி இப்போது கட்டாக வருகிறது. நாங்கள் சின்ன வயதில் கரட்டுப் பக்கம் போய் ஒடித்து வருவோம். கேஸ் அடுப்பில் தேங்காய் சுடுகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.


பூண்டுரசம் | செவ்வாய், காலை 11.20

நாங்கள் மூன்றாவது மாடி. கேஸ் அடுப்பில்தான் சுட்டோம். பாகு பர்னரில் ஒழுகி இரண்டு நாள் சுரண்டினேன். வாசனை வந்தது, பாதிதான். மீதிப் பாதி சுள்ளியிலும் பக்கத்து வீட்டுத் தேங்காயிலும் இருக்கிறது போல.


நாலுமாதம் | செவ்வாய், இரவு 9.45

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன்.

2021 மே மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து வாசனை போய்விட்டது. காபித்தூள் டப்பாவுக்குள் மூக்கை விட்டேன், வெறும் காற்று. சரி, எல்லோருக்கும் போகிறது, வந்துவிடும் என்றார்கள். அந்த நாட்களில் சமையல் என் பொறுப்பில்தான். மேலே ஒருவர் கடிகாரம் என்று எழுதியிருக்கிறாரே, என் கடிகாரம் நின்றுவிட்டது. வெங்காயம் வதங்கியதா என்று கண்ணால் பார்த்துப் பார்த்துச் செய்தேன். பால் இரண்டு முறை தீய்ந்து, அடுத்த அறையிலிருந்து மாமியார் ஓடி வந்து அணைத்தார். எனக்கு மூன்றடி தூரத்தில் தீய்ந்தது, தெரியவில்லை.

இரண்டாவது மாதம் திரும்பி வந்தது, ஆனால் கோணலாக. காபி, வெங்காயம், பூண்டு, கோழிக்கறி எல்லாம் ஒரே மாதிரி, ரப்பரும் அழுகலும் கலந்த ஒரு வாடை. வீட்டில் தாளித்தால் நான் மொட்டைமாடிக்கு ஓடிவிடுவேன். டாக்டர் நாலு வாசனையைத் தினம் இரண்டு வேளை, ஒவ்வொன்றாக, நிதானமாக மோந்து பழகச் சொன்னார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். கிராம்பை மோக்கும்போது கிராம்பு எப்படி இருந்தது என்று மனதில் கொண்டுவர வேண்டுமாம். படிக்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்து செய்தேன்.

நாலாவது மாதம் ஒரு மத்தியானம் மாமியார் ஜவ்வரிசி வத்தல் பொரித்துக்கொண்டிருந்தார், கோடையில் நாங்கள் இருவரும் மாடியில் பிழிந்தது. சீரகமும் பச்சைமிளகாயும் சேர்ந்த அந்த வாசனை கோணல் இல்லாமல் நேராக வந்தது. அடுத்த வத்தலுக்குப் போய்விட்டது. மறுபடி வந்தது. ஒரு தூக்கு நிறையப் பொரிக்கச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் பொரித்தார்.

பூண்டு மட்டும் இன்னும் சரியாகவில்லை.


உப்புபோதுமா | செவ்வாய், இரவு 10.05

அம்மா, நான் எழுதியதை உங்கள் பதிவுக்கு அப்புறம் திரும்பிப் படித்தேன். மாற்றிக்கொள்ள மாட்டேன், ஆனால் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறேன்.

பூண்டை நெருப்பில் தோலோடு சுட்டுப் பார்த்தீர்களா? பச்சைப்பூண்டின் வாசனை வேறு, சுட்டது வேறு. வரமிளகாயையும் இரண்டு சின்ன வெங்காயத்தையும் கூடவே சுட்டு, புளித்தண்ணீரில் கையால் பிசைந்து பச்சைப்புளிச்சாறு செய்யுங்கள். கொதிக்க வைக்க வேண்டியதில்லை, ஆகையால் வீடு முழுக்கப் பரவாது. பிடிக்காவிட்டால் ஒரு டம்ளரோடு போயிற்று.


லைன்வீட்டுக்காரன் | புதன், இரவு 8.15

இன்று அம்மாவிடம் கேட்டேன். அவருக்கு இப்போது எழுபத்தொன்று. பிடித்த சமையல் வாசனை எது என்றதும், "எதுக்கு, ஏதாச்சும் தீயுதா?" என்றார். இல்லை, சும்மா என்றேன். ரொம்ப நேரம் யோசித்து, "மில்லுல மொளகாத்தூள் அரைக்கிற வாசம்" என்றார்.

வெயில் காலத்தில் மல்லியையும் மிளகாயையும் மாடியில் இரண்டு நாள் காயவைத்து, தூக்கில் கட்டி மெஷினுக்குக் கொண்டுபோவார். கூட்டமாக இருக்கும். வரிசையில் தூக்கை வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார வேண்டியதுதான். ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம். "அங்க உக்காந்திருந்தா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. கண்ணு எரியும், மூக்கு ஒழுகும், ஆனா உக்காந்திருக்கலாம்" என்றார். கூட்டம் குறைவாக இருந்தால், "நீங்க முன்னாடி அரைச்சுக்கோங்க" என்று பின்னால் வந்தவருக்கு விட்டுக்கொடுப்பாராம். இது எனக்கு இன்றுதான் தெரியும்.

லைன் வீட்டுப் பந்தயத்தைப் பற்றியும் சொன்னேன். சிரித்தார். அவரும் மோந்துகொண்டுதான் இருந்தாராம், ஆனால் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று இல்லை, எந்த வீட்டில் தாளிக்கவில்லை என்று. நாலாவது வீட்டில் தறி நின்ற மாதம் தொடர்ந்து இரண்டு நாள் தாளிப்பே கேட்கவில்லை, வாசமும் இல்லை. மூன்றாம் நாள் குழம்பு கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று ஒரு போசியில் ஊற்றி என்னிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். கொண்டுபோய்க் கொடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எங்கள் வீட்டில் குழம்பு எதற்கு அடிக்கடி அதிகமாகிறது என்று யோசித்ததில்லை.


உப்புபோதுமா | புதன், இரவு 8.40

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். எத்தனை மல்லிக்கு எத்தனை மிளகாய் போடுவார்?


லைன்வீட்டுக்காரன் | புதன், இரவு 8.55

கேட்டு எழுதுகிறேன்: மல்லி 2 கிலோ, வரமிளகாய் 1 கிலோ, சீரகம் 200 கிராம், மிளகு 100, துவரம்பருப்பு 100, விரலி மஞ்சள் 100, வெந்தயம் 50, காய்ந்த கறிவேப்பிலை இரண்டு கை. வெந்தயத்தையும் பருப்பையும் மட்டும் லேசாக வறுக்க வேண்டும், மற்றதெல்லாம் வெயிலே போதும். அரைத்து வந்ததும் சூட்டோடு டப்பாவில் அடைக்கக் கூடாது. பேப்பரில் பரப்பி ஆறவிட வேண்டும், ஃபேனைப் போடக் கூடாது.

எந்த மெஷின் என்றும் கேட்டேன். அது மூடி எட்டு வருடம் ஆகிறதாம். வேறு ஒன்று பார்த்து வைத்திருக்கிறார், ஆட்டோவில் போக வேண்டும். சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன். மகளும் வருகிறாள், தும்முவதற்குக் கைக்குட்டை எடுத்து வைத்தாயிற்று.


பூண்டுரசம் | புதன், இரவு 9.02

கூட்டம் இருக்கிற மெஷினாகப் பாருங்கள்.